நீல நூல் கட்டிய உப்பு பாட்டில்

பிரபு,

நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து உன் அறைக் கதவு தெரிகிறது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிறவனை என்னவென்று சொல்வது? காலையில் எட்டு மணிக்கு நீ கம்பெனி வண்டியில் ஏறினால், திரும்பி வரும்போது எனக்குக் கண் சொருகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். இது அவளை வைத்துக்கொண்டு பேசக்கூடிய விஷயம் இல்லை. ஆனால் அவளை எதிரிலேயே வைத்துக்கொண்டு எழுதலாம். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கிறாள். "என்னா அவ்ளோ எழுதறீங்க?" என்று இரண்டு முறை கேட்டாகிவிட்டது. "பென்ஷன் ஆபீசுக்கு" என்றேன். சரி என்று மறுபடியும் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். இந்தக் காகிதத்தை அப்படியே திருப்பி அவள் முன்னால் வைத்தாலும் அவளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

ஆமாம், சரியாகத்தான் படித்தாய். உன் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. எண்கள் தெரியும். பஸ் நம்பர் தெரியும். ரேஷன் கார்டுக்காகத் தன் பெயரை மட்டும் கோலம் போடுவது மாதிரி வரையக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான். இருபத்தாறு வயது வரைக்கும் இது உனக்குத் தெரியாமல் இருந்தது என்றால், அது அவளுடைய சாமர்த்தியம் பாதி, என்னுடைய கோழைத்தனம் பாதி. இப்போது சொல்லாமல் தீராது. வியாழக்கிழமை அவளை ஞாபக மறதி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாய். அங்கே ஒரு தாளை நீட்டி, இதைப் படியுங்கள், இதில் சொன்னபடி செய்யுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்பார்களாம். என்னோடு பேக்டரி ஸ்டோர்ஸில் இருந்தவர் தன் அண்ணனைக் கூட்டிப் போனபோது அப்படித்தான் நடந்ததாம். உனக்கும் மருமகள் நித்யாவுக்கும் முன்னால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உன் அம்மா உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஜோகுபாளையத்து வீட்டுச் சமையலறையை நினைவுபடுத்திப் பார். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாது. அதில் எத்தனை டப்பாக்கள்! பாலில் கலக்கும் மாவு வந்த கண்ணாடி பாட்டிலில் துவரம் பருப்பு. அதே பாட்டில், மூடி நசுங்கியிருந்தால் கடலைப் பருப்பு. சதுர பிஸ்கட் டின்னில் ரவை, வட்ட டின்னில் சேமியா. மூடியில் நீல நூல் கட்டியது உப்பு, நூல் கட்டாதது சர்க்கரை. தெரு முனை போட்டோ ஸ்டூடியோவில் கேட்டு வாங்கி வந்த கறுப்பு பிலிம் ரோல் டப்பிகளில் கடுகு, கிராம்பு, பெருங்காயம். கடுகு டப்பியின் தலையில் உன் பழைய யூனிபார்ம் பொத்தான் ஒன்று ஒட்டியிருக்கும். முகப்பவுடர் தீர்ந்த டின்னில் கோலமாவு, மூடியில்தான் ஓட்டை இருக்கிறதே. உடைந்த பக்கெட்டில் கறிவேப்பிலைக் கன்று. பால் பாக்கெட்டுகளைக் கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, ஒன்றோடொன்று தைத்து உன் ஸ்கூல் பைக்கு மழை உறை செய்தாளே, ஞாபகம் இருக்கிறதா? பையன்கள் உன்னைப் "பால்காரன்" என்று கூப்பிட, நீ இரண்டு நாள் சாப்பிடாமல் அடம் பிடித்தாய். ஆனால் அந்த மழையில் மற்றவன் நோட்டெல்லாம் ஊறிப்போக, உன்னுடையது மட்டும் மொறமொறவென்று இருந்தது.

நானும் அதைக் கஞ்சத்தனம் என்றுதான் வெகு நாள் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். "உங்கம்மாகிட்ட நாலு காலி டப்பா குடு, குடித்தனமே நடத்திடுவா" என்று உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சாயங்காலத்தில் கரண்ட் போனால் எல்லா வீட்டிலும் கூச்சல் கேட்கும்; நம் வீட்டில் தாளிக்கிற சத்தம் நிற்காது. "எங்கம்மாவுக்கு இருட்டுல கண்ணு தெரியும்" என்று ஸ்கூலில் பெருமை அடித்துவிட்டு வந்தாய். கண் இல்லையடா, விரல். ஒவ்வொரு டப்பாவின் பெயரும் அவளுக்கு விரலில் இருந்தது. கடையில் வாங்கும் எந்தப் புது டப்பாவும் அவளுக்கு இப்படிப் பெயர் சொல்லாது. அதனால்தான் ஒன்றையும் தூக்கிப் போட மாட்டாள். இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல வருஷம் ஆனது. இத்தனைக்கும் நான் வேலை பார்த்தது ஸ்டோர்ஸில். நாளெல்லாம் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவதுதான் என் பிழைப்பு.

தொண்ணூற்றொன்றில் உனக்கு எட்டு வயது. காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றி எரிந்த அந்தக் குளிர்காலத்தில், ஒரு நாள் அம்மா எல்லா டப்பாக்களையும் தொட்டியில் ஊறப் போட்டு லேபிள்களைச் சுரண்டினாள் என்பது உனக்கு நினைவிருக்கும். நீயும் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினாய். பெரிய விளையாட்டு மாதிரி இருந்தது என்று காலேஜ் படிக்கும்போதுகூடச் சொன்னாய். அது என்ன விளையாட்டு என்று இன்று சொல்கிறேன்.

நான் அன்று பேக்டரியில் மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு சாவித்திரம்மா, கன்னடக்காரர், தங்கமான மனுஷி, ஓடி வந்து உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "ஏன்ம்மா, தமிழ் எழுத்து இருக்கறதெல்லாம் தெகெதுபிடு. காலண்டர், பை, டப்பா எல்லாம் எடுத்து உள்ள போடு. யாரானா எட்டிப் பாத்தா வம்பு." சொல்லிவிட்டு அவர் தன் வீட்டுக்கு ஓடிவிட்டார். உன் அம்மா நடு வீட்டில் நின்றாள். நன்றாக யோசித்துப் பார். வீடு முழுக்க எழுத்து. எது தமிழ், எது கன்னடம், எது இங்கிலீஷ்? அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். சாவித்திரம்மாவிடம் போய்க் கேட்கலாம். கேட்டால், படிக்கத் தெரியாது என்று தெருவுக்கே தெரிந்துபோகும். உன்னைக் கேட்கலாம். அதற்கு அவள் செத்தே போவாள். அதனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். டப்பா லேபிள்கள் அத்தனையும் சுரண்டினாள். கல்யாண வீட்டு மஞ்சள் பைகளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். உன் நோட்டு அட்டைகளைக் கிழித்தாள். உன் கன்னடப் பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் கிழித்தாள். அதற்காகப் பிறகு மிஸ்ஸிடம் அடி வாங்கினாய், அம்மாவிடம் ஒரு வாரம் பேசவில்லை.

ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் பஸ் ஒன்றும் இல்லை. சந்து பொந்தாகப் புகுந்து நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்போது எனக்கு இருந்தது ஒரே ஒரு யோசனை. மளிகைக் கடைக்காரர் கொடுத்த பெரிய கன்னடக் காலண்டர் ஒன்று சுவரில் இருக்கிறது, அதை எடுத்து வாசலில் மாட்டிவிட்டால் வருகிறவன் பார்த்துவிட்டுப் போய்விடுவான். உள்ளே வந்தால் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. காலண்டர் சுக்கு நூறாகி அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பயம் கோபமாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? "நம்மளக் காப்பாத்துறதுக்கு இருந்தது அது ஒண்ணுதாண்டி! அதையும் கிழிச்சுட்டியே! தற்குறி! தற்குறின்னா தற்குறிதான்!" என்று கத்தினேன்.

நம் வாசலுக்கு யாரும் வரவில்லை, பிரபு. கடவுள் புண்ணியம். அந்த ஒரு வார்த்தையைத் தவிர அன்று நம் வீட்டில் யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

நீ ஈரக் கையோடு வந்து, "தற்குறின்னா என்னப்பா?" என்று கேட்டாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை, வாயைத் திறக்காமலே கேட்டாள். "அவசரக்காரின்னு அர்த்தம்டா" என்றேன். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்ற உண்மையான அர்த்தத்தைச் சொல்லவில்லை. அன்று ராத்திரி நீ தூங்கிய பிறகு, "புள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள். உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும். அந்த வார்த்தை உனக்குப் பிடித்துப்போய்விட்டது. அவள் பாலைப் பொங்கவிட்டால் "தற்குறிம்மா நீ" என்பாய். பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்பி நின்றால் "தற்குறி, தற்குறி" என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாய். கொஞ்சலாகத்தான் சொன்னாய். அவளும் சிரிப்பாள். நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்ல ஆரம்பித்தபின் என்ன. ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேனே, அட்டைப் பெட்டியை வெட்டி எழுத்து அட்டைகள் செய்து? அந்த அட்டைகளை வெட்டியவள் அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். நீ "அ, ஆ" என்று சொல்லும்போது அவள் உதடும் அசையும். நான் பார்த்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த அட்டையை அவள் பக்கம் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. முதலில் சோம்பல், பிறகு அந்த வார்த்தையைச் சொன்ன வெட்கம். பிறகு ஒரு நாள் நானே கேட்டபோது, "எனக்கு என் டப்பாங்க போதும், விடுங்க" என்று முடித்துவிட்டாள். ஊருக்கெல்லாம் சீட்டு எழுதினவன் வீட்டில் விளக்கேற்றவில்லை. இதை நீ மன்னிக்க வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும்.

இனி இந்த மூன்று மாதக் கதை. உன் கல்யாணப் பத்திரிகை வைக்க நாங்கள் வாணியம்பாடிக்குப் போயிருந்தபோது, ஜோகுபாளையம் வீட்டைக் காலி செய்து, டப்பாக்களையெல்லாம் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டு, இந்தப் புது பிளாட்டில் நாற்பது டப்பா வாங்கி அடுக்கி வைத்திருந்தாய். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், உள்ளே இருப்பது வெளியே தெரியாது, நெற்றியில் இங்கிலீஷ் லேபிள். ஆபீஸ் மெஷினில் நீயே அச்சடித்தாய். "இனிமே அந்தக் குப்பையெல்லாம் வேணாம்மா, ராணி மாதிரி சமை" என்றாய். உன் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! அவள், "சூப்பரா கீதுடா கண்ணு" என்றாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகு நேரம் ஓடியது.

ஆனாலும் அவள் விடவில்லை. எது எந்தத் தட்டில், எத்தனையாவது என்று இரண்டு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நித்யா நல்ல பெண். மாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஒரு சனிக்கிழமை அத்தனை டப்பாவையும் ஏ, பி, சி வரிசையில் மாற்றி அடுக்கினாள். "இப்போ ஈசியா தேடலாம் அத்தை" என்றாள். அந்த வரிசையில் உப்பும் சர்க்கரையும் பக்கத்துப் பக்கத்து வீடு. அடுத்த நாள் சம்பந்திகள் வந்தார்கள். ஹாலில் எல்லோரும் காத்திருக்க, சமையலறையில் நித்யாவின் அம்மா பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருக்க, இவள் எப்படி ஒவ்வொன்றாகத் திறந்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள்? குருட்டு நம்பிக்கையில் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டாள்.

உப்புக் காபியைத் துப்பிவிட்டு நீ சிரித்தாய். எல்லோர் முன்னாலும், "சரியான தற்குறிம்மா நீ!" என்றாய். உன் மாமனார் சேலத்துக்காரர், தமிழ் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். உன் மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெற்றவளை இப்படிச் சொல்கிறானே என்று நினைத்திருப்பார்கள். நீ கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் உனக்குப் புரிந்திருக்காது. பதினெட்டு வருஷத்துக்கு முன் நான் சொன்ன பொய் அன்றைக்கு ஹாலில் வந்து உட்கார்ந்தது.

அதற்கப்புறம்தான் நித்யா கவலையோடு உன்னிடம் சொன்னாள்: "அத்தை டெய்லி ஒவ்வொரு டப்பாவா தொறந்து தொறந்து மூடறாங்க. என்ன தேடறாங்கன்னு அவங்களுக்கே மறந்துடுது போல." நீயும் பயந்துபோய் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாய். பாசத்தில்தான் செய்தாய், எனக்குத் தெரியாதா?

என்னால் முடிந்ததைச் செய்து பார்த்தேன். பழைய சாமான் கடைக்கு இரண்டு தடவை போனேன். மலை மாதிரி டின் குவிந்து கிடக்கிறது, அதில் எங்கே போய்த் தேட? கண்ணாடி பாட்டில் எல்லாம் அப்போதே உடைபட்டுப் போயிருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். சரி, புதிதாகவே ஆரம்பிக்கலாம் என்று உன் உப்பு டப்பாவின் மூடியில் நானே நீல நூல் கட்டினேன். ஏதோ தைத்த நூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நித்யா கத்தரித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? மறுபடியும் கட்டினால், ஏன் மாமா என்பாள். சத்தியத்தை மீறாமல் அதற்கு என்ன சொல்வது?

இன்னும் ஒன்று என்னை அரிக்கிறது. போன வாரம் அவள் ஒரே பாலுக்கு இரண்டு முறை உறை ஊற்றினாள். முந்தாநாள் சாவித்திரம்மாவின் பெயர் அவளுக்குச் சட்டென்று வரவில்லை. டப்பா போனதால் வந்த குழப்பமா, நீ பயப்படுகிற மறதியேதானா? எனக்குத் தெரியவில்லை. எழுத்துத் தெரியாதவளுக்கு ஞாபகம்தான் புத்தகம். அதுவும் போனால் அவளிடம் என்ன மிஞ்சும்? ஆகவே டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகலாம். நான் கேட்பது ஒன்றுதான்: நீ முன்னாலேயே டாக்டரைத் தனியாகப் பார்த்து, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, காகிதத்தை நீட்டாதீர்கள், வாய்வார்த்தையாகவே கேளுங்கள் என்று சொல்லிவிடு. அவள் முன்னால் சொல்லாதே.

இதுவரை எழுதி நிமிர்ந்தால், உரித்த அவரைக்கொட்டை கிண்ணம் நிறைந்திருக்கிறது. அவள் அதை விட்டுவிட்டு வேறு எதையோ செய்துகொண்டிருக்கிறாள். உன் கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகை உறை ஒன்றைப் பிரித்து, அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி மடித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டுகிறாள். "இந்தாங்க, கவர்" என்று நீட்டினாள். "பென்ஷன் ஆபீசுக்கு இதுல அனுப்ப முடியாது" என்றேன்.

"பென்ஷன் ஆபீசுக்கா எழுதறீங்க? புள்ளைக்குத்தானே?"

காகிதத்தைக் கையால் மறைத்தேன்.

"எழுத்துதாங்க எனக்குத் தெரியாது. உங்க மூஞ்சி தெரியாதா?" என்றாள். கோபம் இல்லை. மேஜையில் சிதறிய தோலைக் கூட்டிக்கொண்டே பேசினாள். "டாக்டர் பேப்பர் குடுப்பாராமே, நித்யா சொல்லிச்சு. பரவால்ல, எழுதுங்க. தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவட்டும். அந்த ஒரு வார்த்தைய மட்டும் போட்டுடாதீங்க. அதுக்கு நீங்க சொன்ன அர்த்தமே அவனுக்கு இருக்கட்டும். இத்தினி வருசமா கூப்ட்டுட்டான், பாவம். தெரிஞ்சா புள்ள சோறு துன்ன மாட்டான்."

"போடல" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

எத்தனை இடத்தில் போட்டிருக்கிறேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதலாம். ஆனால் இன்னொரு தடவை இதை எழுதுகிற தைரியம் எனக்கு வராது, வியாழக்கிழமை வந்துவிடும். அடித்துவிட்டாலும் அடித்த இடம் உனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில் அவளே இதை உன் டிபன் பையில் வைக்கப்போகிறாள்.

நீ படித்துவிட்டாய். அவள் கேட்டால், அப்பா அந்த வார்த்தையை எழுதவில்லை என்று சொல். ஆனால் அவள் வாயால் கேட்க மாட்டாள், பிரபு. அடுத்த தடவை பால் பொங்கும்போது உன் முகத்தைப் பார்ப்பாள். எப்போதும் போல நீ அந்தப் பெயரைச் சொல்லிக் கழுத்தைக் கட்டிக்கொண்டால் உனக்குத் தெரியாது என்று நிம்மதியாக இருப்பாள். சொல்லாமல் நின்றுவிட்டாய் என்றால் தெரிந்துகொள்வாள். சொல் என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, சொல்லாதே என்றும் வரவில்லை.

உன் அப்பா